மேஸ்திரியின் மூக்கு

எங்கள் பஸ் ஷெட்டின் மெக்கானிக் மேஸ்திரியைப் பற்றி யார் கேட்டாலும் நான் மூக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பார்வைக்கு அது ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. கொஞ்சம் சப்பை, நுனியில் ஒரு பழைய கொப்புளத் தழும்பு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஷூ கம்பெனியின் பதினெட்டு பஸ்களும் அந்த மூக்கை நம்பித்தான் ஓடின. நானும் நம்பினேன். அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆம்பூர் பக்கத்தில் மூக்குக்குப் பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வரும்போதே கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். "இன்னா நாத்தம்? ஒண்ணும் இல்லியே" என்று நாங்கள் கேட்போம். பொய் இல்லை, எங்களுக்கு நிஜமாகவே தெரியாது. தோல் பதனிடும் ஷாப்புகளின் காற்றையே குடித்து வளர்ந்த மூக்குகள் எங்களுடையவை. சாம்பார் தீய்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டும். அந்த ஊரில் இந்த மனுஷன் மட்டும் எஞ்சின் எண்ணெயின் வாசனையை வைத்து அந்த பஸ்ஸின் ஜாதகத்தையே சொல்வார்.

நான் அந்தக் கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் கிளார்க். எந்த பஸ் எந்த ரூட், யார் டிரைவர், எப்போது எண்ணெய் மாற்றினார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. எண்ணெய் ஸ்டோர் சாவியும் என் மேஜையில்தான் இருக்கும். காலையில் பஸ்கள் வேலைக்கு வரும் பெண்களை இறக்கிவிட்டு ஷெட்டுக்கு வந்து நிற்கும். இவர் ஒவ்வொன்றாகப் போய் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, நுனியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடுவார். நான் நோட்டோடு பின்னால் நிற்பேன்.

"டீசல் எறங்குது. இன்ஜெக்டர் ஒழுகுது, எழுதிக்கோ."

அடுத்த பஸ். "இது ஜாஸ்தி சூடாயிருக்கு. வறுத்த கடலை மாரி வாசன வருது பார்."

எனக்கு ஒரு வாசனையும் வராது. இருந்தாலும் எழுதிக்கொள்வேன். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை, நான் சேர்ந்த முதல் ஆறு வருஷம்.

ஒரு முறை எண்ணெய் வியாபாரி ஒருவர் சீல் பிரிக்காத டின்களைக் கொண்டுவந்து அடுக்கினார். இவர் ஒன்றைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார். "இது ஏற்கெனவே ஒரு லாரி வயித்துல போய் வந்த எண்ணெ. காச்சி வடிகட்டி எடுத்தாந்துருக்க. எடுத்துனு போ." வியாபாரி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சீலைக் காட்டினார், பில்லைக் காட்டினார். இவர் ஒரு பழைய பேப்பரைக் கிழித்து அதில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தார். பத்து நிமிஷத்தில் சொட்டின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு நின்றது. வியாபாரி டின்களைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், மறுபடி எங்கள் கேட் பக்கம் வரவில்லை.

எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை ஆடிட்டுக்கு வருவார்கள். அவர்கள் போட்ட விதி ஒன்று உண்டு. எண்ணெய் மாற்றும்போதெல்லாம், புதிதாக ஊற்றிய எண்ணெயில் ஒரு சின்ன பாட்டில் எடுத்து, பஸ் நம்பரை ஒட்டி, ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். அது என் பீரோவில் இருக்கும், பூட்டி. மருந்துக் கடை மாதிரி வரிசையாக. இவருக்கு அந்த பாட்டில்களைக் கண்டாலே ஆகாது.

"மூக்கு இருக்கறப்போ பாட்டில் இன்னாத்துக்கு?" என்பார்.

கர்வம்தான். ஆனால் அந்தக் கர்வம் எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் அந்த மூக்கு மனுஷர்களையும் பார்த்துக்கொண்டது. என் அம்மாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நான் யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கம்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல? உன் பையில ஃபினாயில் வாசன வருது, மூணு நாளா." நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அன்று மதியம் கம்பெனி வேனில் அவரே என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டார். அம்மா வீட்டுக்கு வரும்வரை தினமும் விட்டார். சொந்த அண்ணன் செய்வானா என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் மற்றது எவ்வளவு வலித்தது என்று தெரியாது.

அவருக்கு ஷெட்டில் ஒரே ஒரு தோஸ்த். ஏழாம் நம்பர் பஸ் டிரைவர் சேகர். கணியம்பாடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, வேலூர், பள்ளிகொண்டா வழியாக வருகிற பஸ். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் சாப்பிடுவார்கள். சேகர் அண்ணன் வண்டியை அதட்டி ஓட்ட மாட்டார். "இவன் ஓட்ற வண்டி எண்ணெ குடிக்காது. சாந்தமான கால் இவனுக்கு" என்று மேஸ்திரியே எல்லா டிரைவர்களுக்கும் முன்னால் சொல்வார். மற்ற டிரைவர்களுக்கு வயிறு எரியும்.

கொரோனா வந்த வருஷம் மேஸ்திரிக்கும் காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் படுத்துவிட்டு, கன்னம் ஒட்டி, திரும்பி வந்தார். வந்த அன்றே பழையபடி கம்பியை உருவினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். நாங்கள் எல்லாரும் நிம்மதியானோம். இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. முன்பு முகர்ந்தவுடன் பட்டென்று சொல்வார். காய்ச்சலுக்குப் பிறகு முகர்ந்துவிட்டு டிரைவர் முகத்தைப் பார்ப்பார். "வண்டி எப்டி இழுக்குது?" என்று சாதாரணமாகக் கேட்பார். டிரைவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். வயசாகிவிட்டது, நிதானம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் மழை வலுத்தது. எங்கள் கம்பெனியை ஒட்டியே முதலாளிகளின் தோல் ஷாப்பும் இருந்தது. அங்கே கெமிக்கல் ஸ்டோர் கூரை ஒழுக, அங்கிருந்த சில ட்ரம்களை எங்கள் எண்ணெய் ஸ்டோரில் கொண்டுவந்து வைத்தார்கள். தோலை மெத்தென்று ஆக்குவதற்காக உருட்டும் பீப்பாயில் ஊற்றுகிற மீன் எண்ணெய் அது. அதுவும் நீல ட்ரம், எங்கள் எஞ்சின் எண்ணெயும் நீல ட்ரம். இரண்டும் பழுப்பு நிறம். மழையில் லேபிள்கள் ஊறி உரிந்து போயிருந்தன. "வெச்சிட்டுப் போங்கப்பா, எனக்குத் தெரியாதா எது எதுன்னு" என்று மேஸ்திரிதான் இடம் காட்டினார். நான் சாவியோடு பக்கத்தில் நின்றேன். ஆபத்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீன் எண்ணெயின் நாற்றத்தைக் குழந்தைகூடச் சொல்லும், அது எங்கள் ஊர்க் குழந்தையாக இல்லாத பட்சத்தில். மேஸ்திரி இருக்கிறாரே என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஏழாம் நம்பருக்கு எண்ணெய் மாற்றும் முறை. அவரே ட்ரம்மிலிருந்து பம்ப் அடித்து எடுத்தார். வழக்கம்போல் முகர்ந்தார். "நல்ல சரக்கு" என்றார். ஊற்றினார். நான் பாட்டிலில் பிடித்து லேபிள் ஒட்டி பீரோவில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிகொண்டா தாண்டி ஏழாம் நம்பர் நின்றுவிட்டது. எண்ணெய் அழுத்தம் குறைந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தவுடன் சேகர் அண்ணன் ஓரம் கட்டிவிட்டார். ஆனால் விளக்கு எரியும்போதே உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. பேரிங்குகள் தேய்ந்து பிடித்துக்கொண்டு எஞ்சின் கல்லாக நின்றது. நாற்பது பெண்கள் வேறு பஸ்ஸில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். வந்த எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள், லைட் எரிந்தது, வண்டி நின்றது, நடுவில் ஒரு நிமிஷம்கூட இல்லை என்று.

வண்டியை இழுத்து வந்து மேஸ்திரி அடிச்சட்டியைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் இல்லை. வெள்ளையாகத் தயிர் மாதிரி ஒரு பசை. கைவிட்டு அள்ளிப் பார்த்தார். ரொம்ப நேரம் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். சோப்பு போடவில்லை. தண்ணீர் பட்டதும் கையிலிருந்து பால் பாலாக ஓடி, கை சுத்தமாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எஞ்சின் எண்ணெய் பட்ட கை சோப்பு போட்டாலே லேசில் போகாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

திரும்பி வந்து சொன்னார். "எழுதிக்கோம்மா. ரேடியேட்டர்ல தண்ணி கம்மியா வெச்சி ஓட்டிருக்கான். சூடேறி கேஸ்கெட் எரிஞ்சி, தண்ணி எண்ணெல கலந்துட்சி. லைட் எரிஞ்சப்புறமும் நாலஞ்சு கிலோமீட்டர் இழுத்துருக்கான். டிரைவர் கவனக்குறைவு."

சேகர் அண்ணன் அங்கேயே நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. "மேஸ்திரி, லைட் எரிஞ்ச ஒடனே நிறுத்திட்டேன். தண்ணி காலைல நானே ஊத்தினேன். உனக்குத் தெரியாதா என்னைப் பத்தி?" என்று மட்டும் கேட்டார். மேஸ்திரி துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைதான் ஏற்கெனவே சுத்தமாக இருந்ததே. "எஞ்சின் சொல்றத நான் சொல்றேன். அவ்ளோதான்" என்றார்.

மேஸ்திரியின் மூக்கு ஒரு பக்கம், நாற்பது பெண்களின் வாய் ஒரு பக்கம். நான் மூக்கை நம்பினேன். அவர் சொன்னதை அப்படியே டைப் அடித்து மேனேஜருக்கு அனுப்பினேன். அந்த வாரமே சேகர் அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பதினான்கு வருஷ சர்வீஸ். கவனக்குறைவால் எஞ்சினைக் கெடுத்தவன் என்ற பேர் பரவிவிட்டால், இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியும் பஸ் தராது. தண்ணீர் டேங்கர் ஓட்டப் போனார், அதுவும் அழைத்த நாளைக்குத்தான். ஒரு நாள் மார்க்கெட் பக்கம் பார்த்தபோது என்னிடம், "அவன் சொன்னான் சரி, நீயும் எழுதிட்டியேம்மா" என்றார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேஸ்திரி அதற்குப் பிறகு பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டார். ஒரு தரம் என் மேஜைக்கு வந்து, "அந்த ஏழாம் நம்பர் பாட்டில் இன்னாத்துக்கு இனிமே? குடு, தூக்கிப் போட்டுர்றேன்" என்றார். ஆடிட் வருகிறது, இருக்கட்டும் என்றேன். வற்புறுத்தவில்லை, போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆடிட்டுக்காக பாட்டில்களை எடுத்து மேஜையில் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நம்பர் பாட்டிலின் மூடி சரியாக மூடியிருக்கவில்லை. தோல் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த சென்னைக்காரக் கெமிஸ்ட் ஏதோ கையெழுத்துக்கு வந்தவர், வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். வரிசையாக முகர்ந்து அந்த பாட்டிலை எடுத்தார்.

"மேடம், இது எங்க மீன் எண்ணெ. இது ஏன் பஸ் நம்பர் போட்டு வெச்சிருக்கீங்க?"

நான் இல்லை என்றேன். அவர் என் டம்ளரில் இருந்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் பாலாக வெளுத்தது. "இது தண்ணி கலந்தே வரும், தண்ணில கரையும். எஞ்சின் எண்ணெ கரையாது" என்றார். எனக்குக் குழாயடியும், சோப்பு போடாத அந்தக் கையும் கண்முன் வந்து நின்றன. தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். அப்புறம் இன்னொன்று குடைந்தது. ஊற்றுவதற்கு முன்னால் முகர்ந்தாரே, நல்ல சரக்கு என்றாரே. கருவாட்டு நாற்றம் அடிக்கிற எண்ணெயை இந்த மூக்கு எப்படி விட்டது?

லேபிளைச் சுரண்டிவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு மதியம் ஷெட்டுக்குப் போனேன். "அண்ணா, புது லோடுல வந்த ஆயில். எப்டி இருக்குன்னு பாருங்க" என்று நீட்டினேன். அவர் அதே பழைய தோரணையில் மூக்கருகே பிடித்தார். கண்ணை மூடினார். எனக்கு அந்த நேரத்திலும் அவர் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. சீ, இது மீனெண்ணெ என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

"நல்ல சரக்கு. தாராளமா ஊத்தலாம்" என்றார்.

என் முகத்தைப் பார்த்தவர், மெதுவாக விரலை பாட்டிலில் விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். தேய்த்த விரல் நின்றது.

"ஏழாம் நம்பரா?"

"ஆமாண்ணா."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "மூக்கு போச்சும்மா. அந்தக் காய்ச்சல்ல போச்சு. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு பாத்தேன், வரல. வூட்ல அவளுக்குக்கூடத் தெரியாது. கொழம்பு நல்லாருக்குதான்னு கேக்கறா, நல்லாருக்குதுன்றேன். மூக்கு இல்லன்னா நான் யாரு இங்க? ஸ்பேனர் புடிக்கறவன் ஆயிரம் பேர் இருக்கான்."

"சேகரண்ணன் இன்னா பண்ணாரு?"

"அவனுக்கு ஸ்டியரிங் இருக்குதும்மா. எங்க போனாலும் ஓட்டிக்குவான்."

அந்த வார்த்தையைக் கேட்டபோது, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மனுஷன் இவர்தானா என்று இருந்தது. இருந்தும் அவர் அழுததைப் பார்க்க முடியவில்லை. நான் சொன்னேன், மூக்கைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன், ட்ரம் மாறிப்போச்சு, சேகர் மேல் தப்பில்லை என்று மட்டும் நீங்களே மேனேஜரிடம் சொல்லுங்கள், அவர் வேலைக்குத் திரும்பி வரட்டும் என்று. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் காலைலயே சொல்லிடறேன். என் புள்ளைங்க மேல சத்தியம். நீ மட்டும் இத வெளிய வுட்றாத."

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். சந்தோஷமாகத்தான் போனேன். மேஸ்திரி ஏற்கெனவே அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை.

"ஏழாம் நம்பருக்குத் தப்பான எண்ணெய் போயிருக்குன்னு மேஸ்திரி சொல்றாரு. இவர் முகர்ந்து பாத்த ட்ரம் வேற, அப்புறம் நீ எடுத்துக் கொடுத்த ட்ரம் வேறயாம். ஸ்டோர் சாவி உங்கிட்டதானே இருக்கு?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேகர் விஷயம்?" என்று கேட்டேன்.

"லைட் எரிஞ்சும் அவன் ஓட்டினது ஓட்டினதுதான்னு சொல்றாரு. அது தனி. நீ இப்ப உன் பக்க விளக்கத்த எழுதிக் கொடு."

ஆக, சத்தியத்தைக் காப்பாற்ற ஒரே ராத்திரியில் அவர் கண்டுபிடித்த வழி இது. ட்ரம் மாறியதைச் சொல்லியாயிற்று. சேகர் வெளியே இருந்தது இருந்தபடி. இப்போது நானும் வெளியே. மூக்கு மட்டும் பத்திரம். பேசாமல் இருப்பேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்ததை நம்பித்தான் இவ்வளவும் சொல்லியிருக்கிறார். அது புரிந்தபோது எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அம்மாவுக்காக அழுததற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் நான் அழுதது அன்றுதான்.

"சார், இவரால எதையும் முகர்ந்து பாக்க முடியாது. வாசனையே தெரியாது இவருக்கு. கொரோனாவுக்கு அப்புறம் போயிடுச்சு. நேத்து எங்கிட்ட அவரே சொன்னாரு. சந்தேகமா இருந்தா இப்ப இங்கயே பாத்துக்கலாம்."

மேனேஜர் அவரைப் பார்த்து, "அப்படியா?" என்றார்.

மேஸ்திரியின் கை தன்னை அறியாமல் மூக்குக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, கீழே இறங்கியது. பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஆமா சார். ஒண்ணும் தெரியல. ஒரு வருஷம் ஆவப்போவுது" என்றார். பிறகு கேட்காமலே, "கேஸ்கெட் எரியல சார். சேகர் ஒண்ணும் பண்ணல" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை சேகர் அண்ணன் வேறு எஞ்சின் போட்ட ஏழாம் நம்பரை ஓட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்களாம். மேஸ்திரியை யாரும் போகச் சொல்லவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் முடியாது என்றுவிட்டு, தன் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டார்.

போகும்போது என் மேஜைக்கு வந்தார். திட்டுவார் என்று தயாராகவே இருந்தேன். என்ன திட்டினாலும் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க எனக்கும் வாய் இருந்தது.

"உன்ன நம்பித்தானேம்மா சொன்னேன்" என்றார்.

நடிப்பில்லை. நிஜமாகவே அவருக்கு வலித்தது. என் தலையைக் கொண்டுபோய்ப் பலி கொடுக்கப் பார்த்துவிட்டு, காட்டிக்கொடுத்தவள் நான்தான் என்று மனசார நம்பிக்கொண்டு நின்றார். சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"நானும் உங்கள நம்பித்தான்ணா எழுதினேன்."

அவருக்குக் கேட்டது. பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.